கீரிக் கரையில் களை ஆறும் கிளினிக்

மன்னாருக்கு ஏன் போனாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு. பூநாரை பார்க்கப் போனேன் என்பது ஒன்று. அதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு என்னை விட்டுவிடுவார்கள். மற்றப் பதில் யூடித். பள்ளிக்கூட விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி, இப்போது மன்னாரில் பொதுச் சுகாதாரத் தாதி. மாசிக் கடைசியில் ஒருநாள் தொலைபேசியில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். “எடியே ரேணு, கீரிப் பக்கம் ஒரு கிளினிக் தொடங்கியிருக்கிறன். வாற ஆக்களெல்லாம் கதிரையிலை இருந்து நித்திரை கொள்ளுகினம். உனக்கெண்டே கட்டின மாதிரிக் கிடக்கு. வந்து பார்.”

இந்த வலைப்பூவை வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். பஸ் நகரத் தொடங்கினால் எனக்குக் கண் சொருகிவிடும். இறங்க வேண்டிய இடத்தில் நான் இறங்கிய பயணங்கள் குறைவு. நித்திரை கொள்ளும் கிளினிக் என்று கேட்டதும் கந்தோரில் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பங்குனி முதல் கிழமை, ஒரு புதன்கிழமை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலை ஆறு மணிக்கு மன்னார் பஸ் புறப்பட்டது. பூநகரி வழிப் பாதை, நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர் அளவு, மூன்றரை மணித்தியாலம். டிக்கெட் ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மிச்சக் காசைக் கொண்டக்டர் மறந்தார், நானும் மறந்தேன். இடப்பக்கம் வெயில் ஏறும், ஆகவே வலப்பக்கத்து யன்னலைப் பிடியுங்கள்.

சங்குப்பிட்டிப் பாலத்தில் கடல் இரு பக்கமும் ஆடாமல் அசையாமல் கிடந்தது. அதுவரை விழித்திருந்தேன். அதற்குப் பிறகு வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று கொண்டக்டர் கூப்பிட்ட பெயர்கள் மட்டும் கனவுக்குள் வந்து போயின. திருக்கேதீஸ்வரத் திருப்பத்தில் கோயிலுக்குப் போகும் ஒரு குடும்பம் இறங்கியது. அவர்கள் கொண்டுபோன மல்லிகையின் வாசத்தில் கண் விழித்தேன். கொஞ்ச நேரத்தில் தீவுக்குப் போகும் பாலம் வந்தது. ஆழமில்லாத நீரில், தூரத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரையா, கண்ணில் மிச்சமிருந்த நித்திரையா என்று எனக்கே சந்தேகம். பக்கத்தில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஓம் பிள்ளை, அதுகள்தான். இன்னும் போகேல்லை,” என்றார். போகாமல் இருந்ததற்கு அவற்றுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

மன்னார்ப் பட்டினத்தில் கழுதைகள் நடுறோட்டில் நின்று யோசிக்கும். ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் யோசிக்கும். பஸ் நிலையத்தடியில் நிசாம் நானா என்ற ஒருவரின் ஓட்டோ கிடைத்தது. கீரி வரை நாலைந்து கிலோமீற்றர், ஐந்நூறு ரூபாய் கேட்டார். தார் றோட்டு முடிந்த இடத்தில் ஓட்டோவை நிறுத்தி, “இதுக்கு மேலை மணல். மணலுக்கை விட்டா பிறகு நீங்கள்தான் என்னையும் ஓட்டோவையும் தள்ளவேணும்,” என்றார். நான் இறங்கி நடந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

யூடித்தின் கிளினிக் கீரிக்கும் பட்டினத்துக்கும் நடுவில், கடலோரமாக உள்ள ஒரு குடியிருப்பில் இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள், ஆகவே குடியிருப்பு என்றே வைத்துக்கொள்வோம். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து எங்கெங்கோ அலைந்து வந்தவர்களுக்குக் கொடுத்த மணல் காணி. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், இடையிடையே பனை, ஒரு சிற்றாலயம், ஒரு முன்பள்ளி. தண்ணீர் பவுசர் வண்டியில் வரும். பின்னேர வெளிச்சத்தில் அந்த மணல் முழுக்கப் பொன்னிறமாகி, வீடுகள் தரையில் நிற்கவில்லையோ என்று நினைக்க வைக்கும். அழகைப் பார்த்து ஏமாறாதே என்றாள் யூடித். இங்கே இருப்பவர்களுக்கு அந்த மணலில் ஒரு நோயாளியைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வருவதே பெரும்பாடு.

ஆஸ்பத்திரி கிட்டத்தான். ஆனால் கிளினிக்குக்கு விடிய வெள்ளன போய் நம்பர் எடுத்து, மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். குடியிருப்பில் பாதிப்பேர் கரைவலைத் தொழிலாளிகள். கரைவலை என்றால், தோணியில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பது. அதுவும் காலையில்தான். கயிற்றில் கை வைத்தவர், மீன் சேரும் வலைப்பையான மடி கரையில் ஏறும்வரை கையை எடுப்பதில்லை. அது அங்கே எழுதாத சட்டம். சாவீடென்றால்கூட மடி ஏறிய பிறகுதான் போவார்கள் என்று சொன்னார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, இப்போதைய கிளினிக்குக்கு முன்னால் நடந்த கதையை யூடித் சொன்னாள். எங்கோ இருந்து ஒரு தொண்டர் குழு வந்திருக்கிறது. “நல்ல மனசுக்காரர், பிழை சொல்லேலாது. இவை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டினமெண்டா ஆஸ்பத்திரி இவையட்டைப் போகட்டும் எண்டு, மேசை கதிரையெல்லாம் கரைக்கே கொண்டுபோச்சினம். கயிறு விட்ட கையோடை ஒவ்வொருத்தரா இருத்திப் பிறசர் பாத்தவை. மூண்டு மணித்தியாலம் வலை இழுத்தவன்ரை கையிலை பட்டியைச் சுத்தினா என்னடி காட்டும்?”

எல்லோருக்கும் எகிறியிருந்தது. இருபது வயதுப் பெடியனுக்கும் எகிறியிருந்தது. அத்தனைபேருக்கும் துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒருநாள் தொழிலைக் குழப்பிக்கொண்டு கூட்டமாகப் போய், விறாந்தையில் காற்றாடியின் கீழ் மத்தியானம் வரை இருந்தார்கள். இருந்தபடியே எல்லாம் இறங்கிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று டாக்குத்தர் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து குடியிருப்பில் பிறசர் மெசின் என்றால் சிரிப்பு. கயிறு பிடித்தால் ஏறும், விட்டால் இறங்கும், அதற்குப் பெயர் பிறசர் இல்லை, கயிறு என்று பகிடி விட்டார்கள்.

“அந்தக் கூட்டத்திலை ஆஸ்பத்திரிக்குப் போகாத ஆள் ஒரேயொரு ஆள்,” என்றாள் யூடித். “சூசையண்ணை. எல்லாருக்கும் ஒண்டுமில்லையெண்டா எனக்கும் ஒண்டுமில்லைத்தானே எண்டு சொல்லிப்போட்டார். அவருக்குத்தான் அண்டைக்கு எல்லாரையும்விடக் கூடக் காட்டினது. நான் கிளினிக் தொடங்கினதே அந்தாளை ஒருக்கா ஆறியிருக்க வைச்சுப் பாக்கத்தான்டி. இன்னும் வரேல்லை.”

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை நான் கரைக்குப் போனேன். வாடைக் காற்று ஓய்ந்து, சோழகக் காற்று இன்னும் பிறக்காத நாட்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எது கடல், எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சாம்பல் நிறம், அதற்குள் இரண்டு கயிறுகள் போய் மறைந்தன. அந்தக் கயிறுகளின் மறுநுனியில் வலை இருக்கிறதென்று அவர்கள் சொன்னதால் நம்பினேன். விடியலே அங்கே இருக்கிறதென்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லி ஒன்றாகச் சாய்வார்கள். அந்தப் பாட்டை அம்பா என்பார்கள். அடி எடுத்துக் கொடுத்தவர் சூசையண்ணை. ஐம்பது வயது தாண்டியவர், கட்டையான உடம்பு, கரையின் அந்தக் கோடித் தொங்கலில் நின்றாலும் கேட்கும் குரல். வாய் ஓயாது. போகிறவர் வருகிறவர் எல்லோரையும் அம்பாவுக்குள் இழுத்துப் போடுவார். நான் கமராவை எடுத்ததும் என்னையும் போட்டார். “கமராக்காரி வந்திட்டா” என்று அவர் சொல்ல, “கயிறு பிடிக்க மாட்டாவாம்” என்று கூட்டம் திருப்பிச் சொன்னது. வெட்கத்தில் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு மணலில் இருந்துவிட்டேன். அந்தக் குரலைக் கேட்டபடி கண்ணை மூடினால், கரை முழுக்க மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்வதுபோல் இருந்தது.

வெயில் ஏறிய பிறகு மடி கரைக்கு வந்தது. நிறைய இல்லை, வெறுங்கையும் இல்லை. சூசையண்ணையின் மனைவி திரேசாக்கா மீன் தரம் பிரிக்க வந்திருந்தார். கணவர் தண்ணீர் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மெல்லக் கேட்டார்.

“இண்டைக்குப் பின்னேரம் யூடித் மிஸியின்ரை கிளினிக். வாறியளோ?”

“எனக்குக் கிழிஞ்ச வலை பொத்துற வேலை கிடக்கு.”

“விடியக் கட்டிலிலை இருந்து தலையைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறியள். நான் காணேல்லை எண்டு நினைக்கிறியளோ?”

“அது நித்திரை காணாதது.” என்னைக் காட்டினார். “இந்தப் பிள்ளையைப் பார், கடற்கரையிலையே நித்திரை. அதுக்கும் வருத்தமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். திரேசாக்கா சிரிக்கவில்லை. “இது தவக்காலம்,” என்றார். “ஊரிலை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு ஒறுத்தல் செய்யினம். உங்களாலை இறைச்சியை விடேலும், சாராயத்தையும் விட்டிட்டியள். வாயையும் கயிறையும் விட்டிட்டு அரை மணித்தியாலம் சும்மா இருக்க ஏலுமோ? ஏலாது. அப்ப அதுதான் உங்களுக்கு ஒறுத்தல்.”

கத்தோலிக்கரல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளில், பிடித்த ஒன்றைக் கடவுளுக்காக விட்டுவிடுவதை ஒறுத்தல் என்பார்கள். எது கடினமோ அதைத்தான் விடவேண்டும். சூசையண்ணை கால் பெருவிரலால் மணலைக் கிண்டினார். மருந்து, டாக்குத்தர், மெசின் என்று வந்தால் அவரிடம் ஆயிரம் பகிடி இருந்தது. இதற்கு இல்லை.

கடைசியில், “நான் தனியப் போய் இருந்தா வருத்தக்காரன் எண்டு பேர் வைப்பாங்கள்,” என்றார். உண்மையான பயம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நோயாளி என்று பெயர் விழுந்தவனிடம் யாரும் அம்பா கேட்கமாட்டார்கள்.

கயிற்றில் அவருக்கு அடுத்து நிற்கும் பீற்றர், கலியாணம் முடித்து ஒரு வருடமான இளைஞர், துவாயால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார். “அப்ப எல்லாரும் வாறம் அண்ணை. ஒறுத்தல் எங்களுக்கும் இருக்குத்தானே.”

பின்னேரம் மூன்று மணிக்கு கிளினிக் நடக்கும் முன்பள்ளிக்குள் வலைக்கூட்டம் முழுதும் வந்து இருந்தது, பெண்கள் ஒரு பக்கமாக. சுவரில் வாத்தும் மாம்பழமும் கீறியிருந்தது. கதிரைகள் சின்னப் பிள்ளைகளுடையவை. தோள் அகன்ற மனிதர்கள் முழங்கால் நாடியில் முட்ட அவற்றில் இருந்தார்கள். யூடித்தின் சட்டம் எளிது. அரை மணித்தியாலம் களை ஆறவேண்டும். அதுவரை கதையில்லை, தொலைபேசியில்லை, பிளேன்ரீயில்லை, பீடியில்லை. அதற்குப் பிறகுதான் கையில் பட்டி. காலையில் முடியாதவர்களுக்காகப் பின்னேரம், தூரம் போக முடியாதவர்களுக்காக வீட்டு வாசலில், கரையில் நடந்த பிழைக்காக இந்த அரை மணித்தியாலம். இதைச் செய்ய மேலிடத்தில் அவள் எத்தனை பேரிடம் கெஞ்சினாள் என்பது வேறு கதை.

அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். முதலில் எல்லோரும் நெளிந்தார்கள். உழைத்த கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை, இல்லாத கயிற்றைத் தேடின. பிறகு யன்னலால் கடல்காற்று வந்தது. பனை ஓலை உரசும் சத்தம். ஒரு கழுதை யன்னலில் தலையை வைத்து, இதென்ன வகுப்பு என்று பார்த்துவிட்டுப் போனது. ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. பீற்றரின் தலை பக்கத்துக்காரரின் தோளில் விழுந்தது, அவர் தட்டிவிடவில்லை. எனக்கும் கண் சொருகியது. கடல் வாசலடிக்கு வந்து, உள்ளே வரலாமோ என்று கேட்பதுபோலவும், யூடித் வாயில் விரலை வைத்து, மெதுவாக வா என்று சொல்வதுபோலவும் ஒரு கனவு. விழித்தபோது நித்திரையா விழிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு நிம்மதி அந்த அறைக்குள் நிறைந்திருந்தது. வாழ்நாள் முழுக்கக் களைத்தவர்கள் ஒன்றாகக் களை ஆறுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது.

சூசையண்ணை மட்டும் கண்ணை மூடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, சுவரிலிருந்த மாம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. ஒறுத்தலைக் கடைப்பிடித்தார்.

பிறகு யூடித் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பீற்றருக்கு ஒன்றுமில்லை. அடுத்தவருக்கு ஒன்றுமில்லை. வயதான ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் கூட, உப்பைக் குறைத்து இரண்டு கிழமையில் வரச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் கூட்டம் கைதட்டியது. சோதனை பாஸ் பண்ணிய பள்ளிப்பிள்ளைகள் அவர்களிடம் தோற்றார்கள். கடைசியாக சூசையண்ணை. யூடித் பட்டியைச் சுற்றினாள், பார்த்தாள், கழற்றினாள். மற்றக் கையில் சுற்றினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சுற்றினாள். விடுதிக் காலத்திலிருந்து அந்த முகம் எனக்குத் தெரியும். எதையும் காட்டாமல் இருக்கப் பாடுபடும்போது அவள் மூக்குநுனி வெளுக்கும்.

“அண்ணை, நல்லாக் கூடக் கிடக்கு. மேலை இருநூறையும் தாண்டி நிக்குது.”

“கயிறு,” என்றார் அவர்.

“கயிறு விட்டு அஞ்சு மணித்தியாலம்.”

“அப்ப மெசின் பிழை.”

யாரும் சிரிக்கவில்லை. பீற்றர் எழுந்து நின்றார். அந்தச் சின்னக் கதிரையும் அவரோடு எழுந்தது, அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கதைத்தார். “அண்ணை, அண்டைக்குக் கரையிலை இது எங்கள் எல்லாருக்கும் பொய் சொன்னது, உண்மைதான். இண்டைக்கு எங்கள் எல்லாருக்கும் சரியாச் சொல்லியிருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் பொய் சொல்ல வேணும்?”

சூசையண்ணை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருடைய கூட்டம், அவர் குரலுக்குச் சாய்ந்து எழுபவர்கள். அவர்கள் வந்திருக்காவிட்டால் அவருக்கு இன்னும் ஒரு பகிடி மிச்சமிருந்திருக்கும். பார்வையை இறக்கி, யூடித்துக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தபடியால் எனக்கும் கேட்டது.

“ரெண்டு கிழமையா எனக்கு ஒரு கயிறு ரெண்டாத் தெரியுது மிஸி. எதைப் பிடிக்கிறதெண்டு தெரியாமல் நடுவிலை கையை வைக்கிறன்.”

யூடித் உடனே டாக்குத்தருக்குப் போன் எடுத்தாள். இப்பவே கொண்டுவரச் சொன்னார். திரேசாக்கா பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். நான் சொன்னேனே என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், நானென்றால் சொல்லியிருப்பேன். அவர் பட்டி சுற்றக் கணவர் கழற்றிக் கொடியில் போட்டிருந்த சேட்டை எடுத்து உதறினார். “போடுங்கோ. போவம்,” என்றார். பொத்தானையும் அவரே பூட்டிவிட்டார்.

நான் ஓட்டோக்கார நிசாம் நானாவுக்கு அழைத்தேன். மணல் என்று தெரிந்தும் அவர் ஓட்டோவை முன்பள்ளி வாசல்வரை விட்டார். வந்த வேகத்தில் சில்லு புதைந்தது. சூசையண்ணையையும் திரேசாக்காவையும் ஏற்றினோம், யூடித் முன்னால் ஒட்டிக்கொண்டாள். வலைக்கூட்டம் பின்னாலும் பக்கத்திலும் நின்று தோளைக் கொடுத்தது. ஓட்டோ அசையவில்லை. ஆளுக்கொரு நேரம் தள்ளினால் எப்படி அசையும்? உள்ளே இருந்தவருக்குப் பொறுக்கவில்லை, அடி எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். “அண்ணை, மூச்!” என்று யூடித் அதட்டினாள். பீற்றர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, தப்பும் தவறுமாக, பாதியில் உடையும் குரலில், தானே அடி எடுத்தார். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள், எல்லோரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். நானும் தள்ளினேன். ஓட்டோ மணலை விட்டு எழுந்து றோட்டில் ஏறியது. அது போன பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தார் றோட்டின் நுனியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம்.

மன்னார் ஆஸ்பத்திரியில் அவரை வாட்டில் மறித்து வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஒரு பக்கம் கை கால் இழுத்திருக்கும் என்று டாக்குத்தர் சொன்னதாக யூடித் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, முற்றத்தில் நின்று, பெரிய சத்தமாக அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நான் பட்டினத்தில் அலைந்தேன். கோட்டைச் சுவரில் ஏறிக் கடல் பார்த்தேன். பள்ளிமுனையில் பெரிய ஆபிரிக்கப் பெருக்கமரத்தைச் சுற்றி வந்தேன். அது மரமா, படுத்திருந்த யானை எழும்பி நின்றதா என்று தெரியாது. பார்த்ததெல்லாம் கண்ணுக்கு வந்தது, மனதுக்கு வரவில்லை. பின்னேரம் குடியிருப்பில் இயேசுவின் பாடுகளை நினைக்கும் சிலுவைப்பாதை வழிபாடு நடந்தது. ஒவ்வொரு தலத்திலும் நின்று சூசையண்ணையின் பெயர் சொல்லி மன்றாடினார்கள். நான் சைவக்காரி, ஆனாலும் முழங்காலில் நின்றேன். இருட்டும் முன்னரே, பிறசர் இறங்கிவிட்டது, ஆபத்தில்லை, வீட்டுக்கு விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மாசி, பங்குனி நல்ல காலம். பூநாரைக்கு வந்தால் பங்குனி முதல் கிழமைக்கு முன் வாருங்கள். திருக்கேதீஸ்வரத்துக்கு மன்னாரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான், திரும்பும் வழியில் அரைநாள் ஒதுக்குங்கள். நான் ஒதுக்கினேன், பஸ்ஸில் நித்திரையாகி விடத்தல்தீவில் விழித்தேன். கீரிக் கடற்கரைக்குப் போனால் கயிற்றைத் தாண்டி நடக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வலை இல்லை. மருந்து எடுப்பவர்கள் போதிய குளிசை கொண்டுபோங்கள். உங்கள் வீட்டில் யாராவது, வேலை முடிந்த கையோடு பிறசர் பார்த்துவிட்டு அது வேலையால் வந்ததென்று சிரித்தால், அரை மணித்தியாலம் பேசாமல் இருக்க வைத்து மறுபடியும் பாருங்கள். யூடித்தின் கிளினிக் வியாழக்கிழமைகளில் மட்டும் நடக்கிறது. இன்னும் ஒருநாள் சேர்க்க ஆள் இல்லை. தாதிப் படிப்பு முடித்து வேலைக்கு இடம் கேட்கப்போகும் யாராவது இதை வாசித்தால், மன்னாரைக் கேளுங்கள்.

சனிக்கிழமை காலை, புறப்படும் முன், மறுபடியும் கரைக்குப் போனேன். அதே எண்ணெய்க் கடல், அதே சாம்பல் வெளிச்சம். பீற்றர் அடி எடுத்துக்கொண்டிருந்தார். பாதிச் சொல் விழுங்கிப் போனது, ஆனால் கயிறு நகர்ந்தது. சூசையண்ணை தள்ளி, மணலில் இருந்தார். ஒரு மாதத்துக்குக் கயிற்றில் கை வைக்கக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருக்கிறார். கூட்டம் சாய்ந்தபோதெல்லாம் அவர் தோளும் கொஞ்சம் சாய்ந்தது. நான் பக்கத்தில் போய் இருந்தேன். மடி கரையில் ஏறியது, மீன் துள்ளியது, ஆட்கள் கத்தினார்கள்.

“நான் இல்லாமலும் வலை வருது பிள்ளை,” என்றார்.

ஒரு போத்தல் தண்ணீரோடும் குளிசையோடும் திரேசாக்கா வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. அவருக்கும் கேட்டிருந்தது.

“வலைக்கு அத்தினை பேர் இருக்கினம்,” என்றார் அவர். “எனக்கு ஆர் இருக்கினம்?”

சூசையண்ணை நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டிக் குளிசையை வாங்கி, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். திரேசாக்கா போகவில்லை, அங்கேயே நின்றார். சூசையண்ணை வாயைத் திறந்து, விழுங்கிவிட்டதைக் காட்டினார்.